ஒண்ணுமில்ல, விடுங்க

எனக்கு வந்த காசநோய் சாதாரண மருந்துக்கு மசியாத ரகம். 2013-இல் அதற்குக் கொடுத்த வைத்தியத்தில் வாரத்துக்கு ஆறு நாள் கானாமைசின் ஊசி உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இடுப்புக்கு விடுமுறை. கூடவே எத்தியோனமைட், சைக்ளோசெரின் என்று ஒரு கை நிறைய மாத்திரை. எத்தியோனமைட் வயிற்றைப் புரட்டும். சைக்ளோசெரின் தூக்கத்தைக் கெடுத்துக் கண்டதையும் நினைக்க வைக்கும். ஊசியோ குத்தும்போது வலிக்கும், அத்தோடு சரி. இருப்பதிலேயே சாது அதுதான் என்று நினைத்திருந்தேன்.

கானாமைசினை 1957-இல் ஜப்பானில் ஹமாவோ உமேசாவா கண்டெடுத்தார், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து. அது கிருமியைக் கொல்லும். கொன்றுவிட்டு உள்காதுக்குள்ளும் போய்த் தங்கும். அங்கே காக்ளியா என்று இரண்டரைச் சுற்றாகச் சுருண்ட ஒரு குழல் இருக்கிறது. ஒலியைப் பிடித்து நரம்புக்குக் கொடுக்கும் மயிர்செல்கள் அதற்குள் சுமார் 15,000. செத்தால் செத்ததுதான், மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. கோழிக்கு முளைக்குமாம். அந்த ஒரு விஷயத்தில் கோழி நம்மைவிடக் கொடுத்து வைத்தது.

குழலின் வாசலில் இருக்கும் செல்கள் கீச்சொலிகளைப் பிடிப்பவை, உள்ளே போகப் போகக் கனத்த ஒலிகளைப் பிடிப்பவை. மருந்து வாசலில் இருந்துதான் தின்ன ஆரம்பிக்கும். அதனால் எனக்கு முதலில் போனது மகளின் கொலுசு. அடுத்து குக்கர் விசில், செல்போன் மணி, பெண்களின் பேச்சில் வரும் ச, ஸ, த. எங்கள் கடைப்பையன் பேசுவது அப்போதும் கேட்டது, அவனுக்குக் குரல் உடைந்திருந்தது. மனைவி பேசுவது பாதிதான் கேட்டது. 'நான் கூப்பிட்டா மட்டும் இவருக்குக் காது கேக்காது' என்று அவள் அம்மாவிடம் குறைப்பட்டாள். மருந்தின் வேலை என்று யாருக்குத் தெரியும்? கேட்காமல் போன இடத்தில் எல்லாம் ஒரு இரைச்சல் வந்து குடியேறியது. இரவு பகலாக ஒரே சுருதியில் ஓயாத இரைச்சல்.

இந்த ஊசி போடுகிறவர்களின் காதை அவ்வப்போது சோதித்துப் பார்க்கவேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்களிலேயே உண்டு. எனக்கு யாரும் பார்க்கவில்லை. ஊசி போட்டவரிடம் இரைச்சலைச் சொன்னேன். நல்லாச் சாப்பிடுங்க, பலவீனம் என்றார். உயிரா காதா என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் உயிர் என்றுதான் சொல்லியிருப்பேன். என்னைக் கேட்டிருக்கலாம், அவ்வளவுதான். 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் கானாமைசினை இனிமேல் பரிந்துரைப்பதில்லை என்று அறிவித்தது. பெடாகுயிலின் போன்ற மாத்திரைகள் அந்த இடத்துக்கு வந்தன. இப்போது இந்த நோய் வருகிறவர்கள் காதோடு பிழைத்துப் போகிறார்கள். நல்லது.

சிகிச்சை முடிந்தபோது சளியில் கிருமி இல்லை. இரண்டு காதிலும் ஒன்றும் இல்லை. கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்குங்கள் என்று எழுதிக் காட்டினார்கள். நான் பொத்தானைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். 90 டெசிபலுக்கு மேல் இழப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்தில் லாரி ஹாரன் அடித்தால் நெஞ்சில்தான் தெரியும், காதில் தெரியாது.

எங்களுக்கு மதுரை விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில் சுங்குடிச் சேலைக் கடை. அப்பா வைத்தது. சின்னக் கடை, உட்கார்ந்து வியாபாரம். காது போனால் கடையை மூடவேண்டியிருக்கும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அப்படியொன்றும் ஆகவில்லை. சேலை வாங்க வருகிறவர்கள் கேட்பதெல்லாம் நாலைந்து கேள்விதான். என்ன விலை, சாயம் போகுமா, பிளவுஸ் இருக்கா, கொறைச்சுக் குடுங்க. உதட்டைப் பார்த்தே பிடித்துவிடலாம். கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினால் பேரமும் முடிந்துவிடும்.

போனது வேறு. ஒரு அம்மா மாம்பழ நிறத்துச் சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னவோ சொல்லிச் சிரிப்பார். கூட வந்தவர் ஒன்று சொல்வார். இருவருமாக என்னைப் பார்ப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். மகளுக்கு வளைகாப்பு என்று சொன்னாரா, போன தடவை வாங்கிய சேலையை மருமகள் பிடுங்கிக்கொண்டாள் என்று சொன்னாரா, தெரியாது. அது தெரிந்தால்தான் உள்ளேயிருந்து எந்தக் கட்டை இறக்குவது என்று எனக்குத் தெரியும். எங்கள் தொழிலில் சரக்கு ஓடுவது அந்த வெட்டிப் பேச்சில்தான். அப்பா ஒரு சேலை விற்பதற்குள் வந்தவரின் நாத்தனார் எந்த ஊரில் வாக்கப்பட்டிருக்கிறார் என்பது வரை தெரிந்துகொண்டு விடுவார்.

வீட்டிலும் அதேதான். முக்கியமான விஷயத்தை எல்லோரும் எழுதிக் காட்டிவிடுவார்கள். கரண்டு பில், மகளின் பரீட்சை, சித்தப்பா தவறிப்போனது. நோட்டு நோட்டாக எழுதினார்கள். சாப்பிடும்போது மகள் ஏதோ சொல்லி என் மனைவியும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என்ன, என்ன என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். மனைவி கையை ஆட்டுவாள். அந்த உதட்டசைவு எனக்கு அத்துப்படி. 'ஒண்ணுமில்ல, விடுங்க.' அவள் மீது தப்பில்லை. சிரிப்பு ஓய்ந்தபிறகு அதை எழுதிக் காட்டினால் அதில் சிரிக்க என்ன இருக்கும்? ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை ஒண்ணுமில்ல, விடுங்க! வீட்டுப் பேச்சில் முக்கால்வாசி அந்த ரகம்தான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

காது மெஷின் வாங்கிப் பார்த்தோம். மெஷின் சத்தத்தைப் பெரிதாக்கித் தரும், வாங்கிக்கொள்ள உள்ளே ஆள் இருந்தால்தானே. கடைசியாகப் பார்த்த காது, மூக்கு, தொண்டை மருத்துவர்தான் காக்ளியர் இம்ப்ளாண்ட் பற்றி எழுதிக் காட்டினார். செத்த செல்களை விட்டுவிட்டு மின்சாரத்தால் நேராக நரம்பையே தட்டி எழுப்புவது. என் நரம்பு உயிரோடு இருந்தது, செய்தி கொண்டுவந்து கொடுக்கத்தான் ஆளில்லை. சிறு வயதிலிருந்து கேட்டுப் பழகிய மூளை என்பதால் எனக்குப் பலன் நன்றாக இருக்கும் என்றார். எவ்வளவு ஆகும் என்று நான் வாயால் கேட்டேன். அவர் எழுதிய எண்ணில் சைபர் நிறைய இருந்தது. ஒரு காதுக்கு மட்டும் எட்டு லட்சத்துக்கு மேல். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இது உண்டு, ஆனால் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு. அழகர்கோயில் ரோட்டில் அப்பா வாங்கிப் போட்டிருந்த மூன்று சென்ட் போனது.

அந்தக் குழந்தைகளை மருத்துவமனை வராந்தாவில் பார்த்தபிறகு அந்த வரம்பின் மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. பிறந்ததிலிருந்து கேட்காத குழந்தையின் மூளையில் கேட்பதற்கான இடத்தைச் சில வருடங்களில் வேறு வேலைகள் எடுத்துக்கொண்டுவிடும். அதற்குள் மாட்டினால்தான் பேச்சு வரும். திண்டுக்கல், ராமநாதபுரம், தேனி என்று விடிகாலை பஸ் ஏறி வந்த தாய்மார்கள் டிபன் தூக்கோடு உட்கார்ந்திருப்பார்கள். மருத்துவர் அவர்களிடம் எடுத்த எடுப்பில் கேட்பது, சொந்தத்துல கட்டுனீங்களா. அத்தை மகன், தாய்மாமன் என்று பதில் வரும். கருவியை முதல்முதலாக முடுக்கும்போது குழந்தை சிரிப்பதாக வீடியோக்கள் சுற்றுகின்றன. நான் பார்த்த குழந்தைகள் பெரும்பாலும் வீறிட்டு அழுதன, கருவியைப் பிய்த்து எறிந்தன. அழுதால் கேட்டிருக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்த்துத்தான் அம்மாக்கள் சிரித்தார்கள். பிறகு வருடக்கணக்காகப் பயிற்சி. ஒரு பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பந்து, பந்து என்று ஒரு தாய் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் உதடு எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

2017-இல் எனக்கு வலது காதில் அறுவை. காதுக்குப் பின்னால் முடியை மழித்து, எலும்பைக் குடைந்து வழி செய்து, 22 மின்முனைகள் கொண்ட மெல்லிய இழையைக் காக்ளியாவுக்குள் செலுத்துகிறார்கள். குடையும் வழியில் முகத்துக்குப் போகும் நரம்பு ஒரு பக்கம், நாக்கின் ருசி நரம்பு ஒரு பக்கம். நடுவில் உள்ள சின்ன இடைவெளிதான் பாதை. எனக்கு முக நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ருசி நரம்பு கோபித்துக்கொண்டது. கொஞ்ச காலம் நாக்கின் வலது பாதியில் காபி கூட செப்புக் காசாக ருசித்தது, இடது பாதியில் காபியாகவே இருந்தது. பிறகு சரியாயிற்று.

படுத்திருந்த நாட்களில் இந்தக் கருவியின் கதையைத் தேடிப் படித்தேன். மின்கலத்தைக் கண்டுபிடித்த வோல்ட்டா தன் இரண்டு காதிலும் உலோகக் கம்பியைச் செருகி மின்சாரத்தை விட்டுப் பார்த்திருக்கிறார். ஏதோ கெட்டியான குழம்பு கொதிக்கிற சத்தம் கேட்டதாக எழுதினார், மறுபடி அதைச் செய்து பார்க்கவில்லை. 1957-இல் பாரிஸில் ஜூர்னோவும் ஏரியேயும் ஒரு நோயாளியின் கேள்நரம்பை மின்சாரத்தால் தூண்டினார்கள். என் காதைத் தின்ற மருந்து கிடைத்ததும் அதே 1957. இதை மனைவியிடம் சொன்னேன், பூட்டும் சாவியும் ஒரே வருசமா என்று எழுதிக் காட்டினாள்.

எனக்குப் பிடித்தவர் ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க். அவருடைய அப்பா ஒரு சிற்றூரில் மருந்துக்கடை வைத்திருந்தார். காது மந்தம். நாலு பேர் நிற்கும் கடையில், ரகசியமாகக் கேட்கவேண்டிய சாமான்களைக்கூட வாடிக்கையாளர்கள் கத்திக் கேட்கவேண்டியிருந்ததாம். கவுண்டருக்குப் பின்னால் ஒரு செவிட்டுக் கடைக்காரர், அவர் பக்கத்தில் வெட்கப்பட்டு நிற்கும் சிறுவன்! அந்தக் கடைக்குள் நானே நின்றிருந்ததாகத் தோன்றியது. மகன் வளர்ந்து மருத்துவராகி, சுருண்ட காக்ளியாவுக்குள் கம்பியை வளையாமல் நசுங்காமல் எப்படி நுழைப்பது என்று வருடக்கணக்கில் திண்டாடினார். 1977-இல் விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போனவர் ஒரு சங்கை எடுத்து அதற்குள் புல்லைச் செருகிப் பார்த்தார். அடியில் விறைப்பாகவும் நுனியில் துவளும்படியும் இருந்த புல் சுற்றிச் சுற்றி உள்ளே போனது. மறு வருடம் ராட் சாண்டர்ஸ் என்பவருக்கு மெல்போர்னில் கருவியைப் பொருத்தினார்.

புண் ஆறியபிறகு வெளிக்கருவியை மாட்டினார்கள். காதின் மேல் உட்காரும் ஒரு சின்ன கம்ப்யூட்டர், அதிலிருந்து ஒயரில் ஒரு வட்ட வில்லை. வில்லையில் காந்தம், தோலுக்கு அடியிலும் காந்தம். கிட்டே கொண்டுபோனால் டக்கென்று தலையில் ஒட்டிக்கொள்ளும். ஆடியாலஜிஸ்ட் பெண் ஒவ்வொரு மின்முனையாகத் திறந்து, எந்த அளவில் கேட்க ஆரம்பிக்கிறது, எந்த அளவுக்கு மேல் தாங்காது என்று குறித்துக்கொண்டார். மேப்பிங் என்பார்கள். பிறகு எல்லாவற்றையும் சேர்த்துத் திறந்தார்.

தகர டப்பாவுக்குள் மூஞ்சூறுகள் சண்டை போட்டதைப் போலிருந்தது. சுற்றிலும் பார்த்தேன். அந்தப் பெண்ணின் வாய் அசையும்போது கீச்சு வந்தது, நின்றபோது நின்றது. மனைவி என் முழங்கையைத் தொட்டு என்னவோ கேட்டாள். அதுவும் அதே கீச்சுதான். கேக்குதா என்று கேட்டிருப்பாள், அந்த நேரத்தில் வேறென்ன கேட்பாள்? கேக்குது என்றேன். என் குரலே இன்னொரு மூஞ்சூறாக வந்தது. எட்டு லட்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

கீச்சுக்குக் காரணத்தைப் பிறகு சொன்னார்கள். இழை காக்ளியாவின் கடைசிச் சுற்று வரை எட்டாது. கனத்த ஒலிகளையும் கீச்சொலிக்குரிய இடத்தில்தான் தட்டவேண்டியிருக்கிறது. இனி இந்த இடம் இதற்கு என்று மூளை புதிதாகப் பட்டா மாற்றி எழுதிக்கொள்ளும்வரை எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். தினமும் பயிற்சி கொடுத்தால் மாறும் என்றார்கள்.

காலையில் கடை திறக்குமுன் மனைவி தினத்தந்தியை உரக்கப் படிப்பாள். நான் விரலை வரியின் மீது ஓட்டிக்கொண்டே கேட்பேன். எழுத்து கண்ணில், கீச்சு காதில். பிறகு அவள் பேப்பரால் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்பாள், நான் திருப்பிச் சொல்லவேண்டும். பேச்சின் அடிமட்டத்திலிருந்து உச்சி வரை இந்த ஆறு ஒலிகளில் அடங்கிவிடுமாம். ம் மட்டும் வெகு நாள் ஏமாற்றியது. பேப்பரில் கன்னித்தீவு வந்தால் மகள் ஓடி வந்து சிந்துபாத்துக்கு ஒரு குரல், மற்றவர்களுக்கு ஒரு குரல் என்று படிப்பாள். ஒருநாள் இரண்டு குரலும் தனித்தனியாகத் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே, 'மெதுவாப் படிடீ' என்று மனைவி சொன்னது அவள் குரலில் வந்தது. பட்டா மாற ஆரம்பித்திருந்தது. இரைச்சலும் குறைந்தது. கருவி ஓடும்போது அது ஒதுங்கி நிற்கும், ராத்திரி கழற்றி வைத்தால் திரும்ப வரும்.

என் காதைவிட உதட்டைத்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன் என்பது 2020-இல் தெரிந்தது. ஊரடங்கு தளர்ந்து கடை திறந்தால் எல்லோர் வாயிலும் மாஸ்க். முதல் வாரம் கை கால் ஓடவில்லை. வேறு வழியில்லாமல் காது வேலை செய்தது. சாயம் போகுமா என்று துணிக்குப் பின்னாலிருந்து கேட்டது, போகாதும்மா, உப்புத் தண்ணியில அலசுங்க என்றேன். அந்த அம்மா பாட்டுக்கு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ஆனால் மாஸ்க்கின் நாடாவும் கருவியும் ஒரே காதில் தொங்கவேண்டும். மாஸ்க்கைக் கழற்றும் வேகத்தில் கருவி பறந்து சாக்கடை ஓரம் விழுந்த கதை தனி. கடைப்பையன் குதித்து எடுத்தான். அவனுக்கு அந்த மாதம் போனஸ்.

எல்லாம் திரும்பவில்லை. எங்கள் வீட்டில் கல்யாணம் என்றால் நாகஸ்வரம் கேட்கத்தான் அப்பா முன்வரிசையில் இடம் பிடிப்பார். 'தில்லானா மோகனாம்பாள்' படத்துக்கு வாசித்த மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களைப் பற்றி உறவுக்காரர்களைப் பேசுவதைப் போலப் பேசுவார். கருவி பழகியபிறகு அந்தப் படத்தை ஆசையாகப் போட்டேன். தவில் அட்சரம் பிசகாமல் வந்தது. விரல் அடி வேறு, குச்சி அடி வேறு என்றுகூடத் தெரிந்தது. நாகஸ்வரம் வரவில்லை. சத்தம் வருகிறது, ஏறியதா இறங்கியதா என்று தெரியவில்லை. 15,000 செல்கள் பிரித்துப் பார்த்த வேலையை 22 மின்முனைகள் பார்க்கின்றன. பேச்சுக்கு அது போதும். கமகம் என்பதே ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் நடக்கிற சங்கதி, அதற்குப் போதாது. ராட் சாண்டர்ஸுக்கு முதல் சோதனைகளில் தேசிய கீதத்தை வாசித்துக் காட்டியபோது அவர் சட்டென்று விறைப்பாக எழுந்து நின்றாராம். தாளத்தை வைத்துக் கண்டுபிடித்திருப்பார் என்பது என் கட்சி. பழைய பாட்டு என்றால் எனக்கும் தாளத்தையும் வரிகளையும் வைத்து மெட்டை நானே போட்டுக்கொள்ள முடிகிறது. புதுப் பாட்டு எல்லாம் ஒன்றுதான். மகள், 'நீங்க ஒண்ணும் பெருசா மிஸ் பண்ணலப்பா' என்கிறாள்.

கருவியோடு கடையில் குப்பை கொட்டுவது ஒரு தனிக் கலை. குனிந்து கட்டை எடுத்தால் வில்லை இரும்பு ரேக்கில் போய் ஒட்டிக்கொள்ளும், வாடிக்கையாளர் பயந்துவிடுவார். ஹெல்மெட் போட்டால் கழன்று உள்ளேயே உருளும். வியர்வை ஆகாது, ராத்திரி ஈரம் உறிஞ்சும் டப்பாவில் போட்டு வைக்கவேண்டும். மதுரை வெயிலில் அந்த டப்பாவுக்கு ஓய்வே இல்லை. நிலைமின்சாரம் கருவிக்கு ஆகாது, பாலியஸ்டர் சேலையை உதறும்போது தள்ளி நில்லுங்கள் என்று ஆடியாலஜிஸ்ட் சொல்லியிருந்தார். எங்கள் கடை பருத்திக் கடை. பாலியஸ்டர் வை, வை என்று நச்சரித்த ஏஜெண்டிடம் டாக்டர் வேண்டாமென்கிறார் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவர் வருவதில்லை.

அலுவலகங்களில்தான் வம்பு. இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இப்பத்தான் நல்லாக் கேக்குதே, அப்புறம் எதுக்கு சர்டிபிகேட் என்று ஒரு எழுத்தர் கேட்டார். கருவியைக் கழற்றி அவர் மேசை மீது வைத்தேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார். பிறகு முத்திரை குத்தினார்.

கூட்டத்தில் இன்னமும் தடுமாற்றம்தான். ஒரே நேரத்தில் நாலு பேர் பேசினால் நாலும் கலந்து கூழாகிவிடும். ஆனால் வீட்டுச் சாப்பாட்டு நேரம் கைக்கு வந்துவிட்டது. அம்மாவும் மனைவியும் எதிர்வீட்டுக்காரர்கள் வாங்கிய பிரிட்ஜைப் பற்றிப் பேசுகிறார்கள், அது பழசா புதுசா என்று அரை மணி நேரம். நடுவில் நான், 'பழசுதான், ஆட்டோவுல கயிறு கட்டிக் கொண்டாந்தாங்க' என்கிறேன். யாரும் ஆச்சரியப்படுவதில்லை. 'உங்களைக் கேட்டமா?' என்கிறாள் மனைவி.

கருவிக்கு வயதாகிவிட்டது. இந்த மாடலுக்கு இனிமேல் உதிரிபாகம் வராது, புதுசுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று கம்பெனியிலிருந்து கடிதம். உள்ளே இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வெளிக்கருவியை மட்டும் மாற்றலாம், அதற்கும் லட்சக்கணக்கில் விலை. வராந்தாவில் பார்த்த குழந்தைகளுக்கும் இப்போது இந்தக் கடிதம் போயிருக்கும், அந்தத் தாய்மார்கள் என்ன செய்கிறார்களோ. போன வாரம் சென்னையிலிருந்த விற்பனைப் பிரதிநிதியைப் போனில் கூப்பிட்டேன். கல்லாவில் உட்கார்ந்து, கருவிக்கே நேராகக் குரல் வரும்படி புளூடூத்தில் போட்டுக்கொண்டு, எடுத்தவுடன் இருபது சதவீதம் கேட்டேன். ஐந்துக்கு வந்தார். ஊர், குடும்பம் எல்லாம் விசாரித்தேன். மனைவிக்குச் சொந்த ஊர் மேலூராம். ஏழரைக்கு வந்தார். அதற்கு மேல் நகரவில்லை. 'சார், இதுக்கு மேல எனக்கே கட்டுபடியாகாது' என்றார்.

நான் தினமும் சொல்கிற வசனம் அது. பழைய கருவியைத் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேட்டேன்.